தொட்டியா, ஷவரா?

பிற்பகல் மூன்று மணிக்கு, உப்பளத்திலிருந்த தன் ஆபீசில் பஞ்சநாதன் மயங்கி விழுந்து இறந்த செய்தி வந்தபோது, அவர் மனைவி செல்வாம்பாள் குளியலறையில் குழாய்க்காரரோடு நின்றிருந்தாள்.

அந்த வீட்டில் முன்பு குடியிருந்த பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன குளியல்தொட்டி அங்கே இருந்தது. இவர்கள் யாரும் அதற்குள் இறங்கியதில்லை. தண்ணீர் பிடித்துவைத்து, பக்கத்தில் நின்று செம்பில் மொண்டு குளித்தார்கள்.

“குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்குது. இத எடுத்துட்டு ஷவர் வச்சிடலாம்” என்று பஞ்சநாதன் ஒரு வருஷமாகக் கேட்டுவந்தார்.

“குழாய்ல தண்ணி நின்னா, அதுக்கடியில நின்னு பாட்டு பாடுவீங்களா?” என்று அவளும் மறுத்தே வந்தாள். அன்று காலை அவர் சுவரைப் பிடித்து நிமிர்ந்ததைப் பார்த்துத்தான், “சரி, வச்சிக்குங்க” என்றாள்.

பிணம் புறப்பட்டதும், வந்திருந்த பெண்களெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள்; கடைசியாகச் செல்வாம்பாளும்.

சுவரில் ஏறி நிற்கும் புதுக் குழாயில் ஷவர் இன்னும் மாட்டவில்லை.