கணுக்கால் தண்ணீர்

மழைக்காலத்தில் எங்கள் தெருவே சேர்ந்து ஒரு பொய் சொல்லும். அதைச் சொல்லுகிற பொறுப்பு என்னுடையது.

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் கோவில்பதாகை ஏரியாவில் கேட்டால் தெரியும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் மூட்டையைத் திருப்பிக் கொட்டச் சொல்லுகிறவள் நான். அதனால்தான், தெருவுக்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்று லைன்மேன் கேட்டபோது எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் தெரு ஏரிக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற வழியில்தான் மனை போட்டு விற்றார்கள். தெரியாமல் வாங்கிவிட்டோம் என்று சொன்னால் அது இன்னொரு பொய். விலை குறைவாக இருந்தது, வாங்கினோம். முதல் வெள்ளம் வந்து போனதும் ஆளாளுக்கு மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றினோம், நிலத்தடித் தொட்டியின் வாயை உயர்த்திக் கட்டினோம், பிரிட்ஜைச் செங்கல் அடுக்கி மேலே வைத்தோம். தெரு வளைவில் நிற்கும் கரண்ட் பெட்டி மட்டும் முழங்கால் உயரத்திலேயே இருந்தது. அது அரசாங்கச் சொத்து, நாம் கை வைக்கக் கூடாது. உயர்த்தித் தரச்சொல்லி மனு கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தண்ணீர் அந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன் சப்ளையை நிறுத்திவிட வேண்டும். லைன்மேன் ஒருவர், தெருக்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் அவரால் ஓட முடியாது என்பதால் போன் போடுவார். "தண்ணி எங்க கீதுமா?" என்பார். கணுக்கால், ஆடுசதை, முட்டி என்று உடம்பில்தான் அளவு சொல்லுவோம். முட்டி என்றால் கட்.

முதல் முறை உண்மையைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனது. தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, நாங்கள் வீடு கழுவி முடித்த பிறகும் திரும்பி வரவில்லை. நான்கு நாள் மோட்டார் ஓடாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல், குழந்தைகளைக் கொசு பிடுங்கிக்கொண்டு கிடந்தோம். அடுத்த மழையில் ஒரு படி குறைத்துச் சொன்னேன். லைன்மேனும் லேசுப்பட்டவர் இல்லை. எல்லாத் தெருவும் குறைத்துத்தான் சொல்லுகிறது என்று கண்டுகொண்டு, அவர் மனதுக்குள் ஒரு படி கூட்டிக்கொண்டார். அவர் தடுக்கில் பாய்ந்தால் நாங்கள் கோலத்தில் பாய்ந்தோம். அதிலிருந்து நான் இரண்டு படி குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். முட்டி வரை தண்ணீர் என்றால் கணுக்கால் என்பேன். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். தண்ணீரில் இறங்கினால் பெட்டிப் பக்கம் போகாதே, எதிர்ச்சுவர் ஓரமாகப் போ என்பது மட்டும் எங்களுக்குள் சட்டம்.

எனக்குப் பொய் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில், வார்ப்படப் பட்டறையில் இருபது வருடம் கிரைண்டிங் பிடித்தவர். அந்தத் தூசி எல்லாம் அவர் நுரையீரலில் இருக்கிறது. ஆக்ஸிஜன் மிஷின் இல்லாமல் அவரால் கால் மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. மூக்கில் குழாயைச் சொருகிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி மிஷினைக் காட்டி, "இவதான் என் ரெண்டாவது சம்சாரம். இவளாவது பேசாம கீறா" என்று என்னைச் சீண்டுவார். அந்த ரெண்டாவது சம்சாரத்துக்குக் கரண்ட் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி போன மழையிலேயே முழுகிச் செத்துவிட்டது. அவசரத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம்.

இந்த முறை மழை இரண்டாம் நாளும் விடவில்லை. காலையில் ஏரி நிரம்பி வழிகிறது என்றார்கள். ஒன்பது மணிக்கு ஆடுசதை, பத்துக்கு முட்டி. நடுவில் கரண்ட் மங்கி மங்கி வந்ததால் கொஞ்ச நேரம் சிலிண்டரில் ஓட்டினேன். மறுபடி கரண்ட் சீரானதும் மிஷினுக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால் சிலிண்டரின் முள் கால் பாகத்தில் நின்றது. அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். மெயின் ரோடு வரை வருகிறோம், உள்ளே வண்டி வராது என்றார்கள். வெள்ளத்துக்கென்று கொடுத்த நம்பருக்குப் போட்டேன். மெயின் ரோட்டுக்குப் படகு வந்திருக்கிறது, எழுதிக்கொண்டோம் என்றார்கள். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் எழுதிக்கொண்டார்கள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் வேலை. வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம். எங்கள் இருவருக்கும் குப்பைத்தொட்டி விஷயத்தில் ஆறு மாதமாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லை.

"இன்னாமா, போட் வருதா இல்லியா?"

"எழுதிக்கினாங்களாம்க்கா."

"எழுதிகினே இருப்பானுங்க. நான் போய்க் கையோட இட்டாந்துர்றேன். நீ அவர உட்டு நவுராத."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கழியை ஊன்றியபடி இறங்கிவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். யாராவது போனால் போதும் என்றுதான் இருந்தது எனக்கு.

அவர் கொஞ்ச தூரம் போவதற்குள் லைன்மேனின் போன் வந்தது.

"தண்ணி எங்க கீதுமா?"

"கணுக்காலுக்கு மேல ஏறலண்ணா."

"கண்டிப்பா?"

"ஆமாண்ணா."

சரி என்று வைத்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா சட்டப்படி எதிர்ச்சுவர் ஓரமாகத்தான் போனார். ஆனால் வளைவுக்குப் பக்கத்தில், மழைநீர் வடிகால் கட்டுகிறோம் என்று கோடையில் தோண்டிய பள்ளம் அப்படியே திறந்து கிடந்தது. தண்ணீருக்கு அடியில் அது எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. கழியைக் குத்திப் பார்த்தார், முழுக்க உள்ளே போனது. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக, பெட்டிப் பக்கம் நான்கு அடி தள்ளி வைத்தார்.

கத்தினார். ஒரே கத்தல். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"கால்ல சுர்ருனு ஏறுதும்மா! எட்டு வெச்சா இழுக்குது!"

மாடியிலிருந்து யாரோ, "ஆடாத, அப்டியே நில்லு!" என்றார்கள். தண்ணீர் அவர் தொடைக்கு வந்திருந்தது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் பெட்டியின் மேல்மூடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவர் முகம் மட்டும் திரும்பி நேராக எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தது.

போன் என் கையில்தான் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் லைன்மேன். அவர் கட் செய்தால் மிஷின் நின்றுவிடும். அதன் பிறகு கால் சிலிண்டர். அதற்குள் படகு வராவிட்டால் என் வீட்டுக்காரர் என் கண் முன்னால் திணறிச் சாவார். படகைக் கூட்டிவரப் போனவரோ தண்ணீரில் நிற்கிறார். வேறு யாராவது போன் போடட்டும் என்று நினைத்தேன். தெருவின் நம்பர் என்னுடையது, வேறு யாரும் போடமாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஒருவேளை அது கரண்ட் இல்லை, பயத்தில் கால் மரத்திருக்கும் என்றுகூட நினைத்தேன். நினைப்புக்கு வெட்கமே கிடையாது.

உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். "யாரு... கத்துறது?"

"யாரும் இல்ல. பசங்க."

"பொம்பள கொரலு... மாதிரி கீது."

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சத்தியமாகத் தெரியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். அக்கா இப்போது கத்தவில்லை. கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய நின்றிருந்தார். ஒரு தடவை உடம்பு ஆடி, விழப்போய்ச் சமாளித்தார். அதைப் பார்த்த பிறகுதான் என் கட்டைவிரல் அசைந்தது.

"ண்ணா, கட் பண்ணுண்ணா. பெட்டி முழுகிக்கினு கீது. ஆள் மாட்டிகினு கீது."

"இன்னாமா, இப்பதான கணுக்கால்னு சொன்ன?"

"அது பொய்ண்ணா. எப்பவுமே பொய்தான். கட் பண்ணு."

மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டார். "உன் ஊட்ல மிஷின் ஓடுதேமா? அதுக்கோசரம்தான் நானும் தெரிஞ்சே வுட்டு வெச்சேன்."

ஆக, அவரை நான் ஏமாற்றவே இல்லை. எங்களுக்காக அவரும் சேர்ந்து பொய்யை நம்பியிருக்கிறார்.

"கட் பண்ணுண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

லைன்மேன் வேறொரு தெருவில், கம்பத்தடியில் இருந்தார். சப்ஸ்டேஷனுக்குச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். நான் உள்ளே ஓடி, குழாயை மிஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டினேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. மிஷின் கீ என்று ஒரு முறை கத்தி அடங்கியது.

"கட் பண்ட்டானா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான்தான் சொன்னேன். அக்கா தண்ணில மாட்டிக்கினாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, நல்லது என்பதுபோல ஆட்டினார். பேசினால் காற்று வீணாகும் என்று அவருக்குத் தெரியும்.

நான் ஜன்னலுக்கு ஓடி, "கரண்ட் போச்சுக்கா! வந்துருங்க!" என்று கத்தினேன். அக்கா ஒரு காலை மெதுவாக முன்னால் வைத்துப் பார்த்தார். இன்னொரு காலை வைத்தார். திரும்பி வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் வளைவைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு நான் சிலிண்டர் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். என் வீட்டுக்காரரின் உதடு நீலம் பாரித்ததும் பயந்து மறுபடி கூட்டினேன். அவர் நெஞ்சு ஒவ்வொரு முறை ஏறும்போதும் விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. சாமி எதையும் கூப்பிடத் தோன்றவில்லை. வாசலில் தண்ணீர் கடைசிப் படியைத் தாண்டி உள்ளே வந்து கட்டில் காலை நனைத்தது.

முள் சிவப்புக்கோட்டைத் தொட்டபோது படகுச் சத்தம் கேட்டது. காசிமேட்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகு, இரண்டு கடற்காரர்கள். முன்னால் அக்கா உட்கார்ந்து வழி காட்டிக்கொண்டு வந்தார். "பள்ளம் கீது, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்ற அதட்டல்தான் முதலில் காதில் விழுந்தது. அவர்கள் என் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். சிலிண்டரை வைக்க இடம் இல்லை. அக்கா கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

படகு வளைவைக் கடந்தது. கரண்ட் பெட்டி இருந்த இடமே தெரியவில்லை. தூரத்தில் மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றுவது தெரிந்ததும், என் வீட்டுக்காரர் அக்காவின் பக்கம் திரும்பி, மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார்.

"இவ... வாய்தான்... பெருசு. ஆனா பாத்தியா... உனுக்குன்னதும்... ஒடனே போன்... போட்டா."

அவர் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு பெருமை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒடனே போடல" என்றேன். "நின்னுகினு இருந்தேன்க்கா. ஜன்னல்லயே நின்னுகினு இருந்தேன்."

கடற்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்" என்றார் அக்கா. "போன கைல வெச்சிகினு நீ நின்னத நான் பாத்துகினுதான இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் அழுதிருப்பேன். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். சிலிண்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளின் கண்ணாடி மேல் விழுந்த மழைத்துளியை முந்தானையால் துடைத்தார்.

"கொஞ்சம் கீது" என்றார் என் வீட்டுக்காரரிடம். "மூச்ச மெதுவா இஸ்துக்கோப்பா. வந்துட்டோம்."