கொசுறு நேரம்

வாளியில் விழும் தண்ணீர் முதலில் கணகணவென்று சத்தம் போடும். பாதி நிரம்பியதும் சத்தம் கனத்துவிடும். விளிம்பை நெருங்கும்போது அடங்கிப்போகும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், விடியற்காலைக் குளிரில், அந்தச் சத்தம் அடங்கும் வரைக்கும் என் அண்ணி பைப்படியில் அசையாமல் நிற்பார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். பின்னால் நிற்கும் எனக்குக் கால் தரையில் பாவாது. காத்திருப்பது என்றாலே எனக்கு அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. "அண்ணி, ரொம்பி வழியுது!" என்று கத்துவேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், வாளியைப் பார்த்து "பெனோ" என்பார். நிறைந்துவிட்டது என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அண்ணி கோலா தெர்லாப் பக்கத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தவர். அண்ணனுக்குத் தேயிலை ஆலையில் வேலை. நானும் அண்ணியும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தோம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீல அடையாளக் கார்டு. அண்ணிக்கு மட்டும் சிவப்பு. நீலம் என்றால் இந்த நாட்டுக் குடிமக்கள். சிவப்பு என்றால் இங்கே இருக்கலாம், அவ்வளவுதான். அண்ணி தமிழ்நாட்டில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். சிவப்புக் கார்டுக்காரர்களுக்குப் பெர்மிட் இருந்தால்தான் வேலை என்று ஆன சமயத்தில், அவருடைய அப்பாவும் அம்மாவும் பயந்துபோய்த் திரும்பக் கப்பல் ஏறிவிட்டார்கள். அப்போது அண்ணிக்குக் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை. கொஞ்ச நாளில் அப்பா இறந்துபோன சேதி வந்தது. அங்கே அம்மா தனியாள். இங்கே மகளால் அசைய முடியவில்லை. சிவப்புக் கார்டோடு நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்று லயத்தில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் அதைப் போய்ச் சோதித்துப் பார்ப்பது?

"லோரிக்குக்கூட கோஸ்தான் இருக்கு. எனக்கு இல்லியே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதை எங்கள் பக்கம் கோஸ்தான் என்றுதான் சொல்வோம். அம்மாவிடம் போவதற்கு அவருக்கு வழி இருந்தது. திரும்பி வருவதற்குத்தான் இல்லை. அதற்கு நீலக் கார்டு வேண்டும். நீலக் கார்டுக்கு மனுப் போட்டுவிட்டு, அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசிக் காட்ட வேண்டும்.

அண்ணிக்கு மலாய் வராது. உட்கார்ந்து படிக்க நேரமும் கிடையாது. இருட்டோடு எழுந்து உலை வைத்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடி, பொழுதெல்லாம் சரிவில் கொழுந்து எடுத்து, வீடு திரும்பினால் துணி, விறகு, மறுபடி உலை. "நாளு பூரா தொரைக்குப் போவுது. மிச்சம் ஒங்க அண்ணனுக்கும் புள்ளைங்களுக்கும். கொசுறா விழறது மட்டும் எனக்கு" என்பார். காய் வாங்கினால் மேலே ஒரு பிடி கொத்தமல்லியை அள்ளிப் போடுவார்களே, அந்தக் கொசுறு. பைப்படியில் வாளி நிரம்பும் வரை, உலை கொதிக்கும் வரை, நிறுவைக்குக் கூடையோடு வரிசையில் நிற்கும் வரை, மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கி அது விடும் வரை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு வகை வார்த்தை வைத்திருந்தார். பைப்படியில் தண்ணீர், வாளி, குளிர். நிறுவையில் எண்கள். கொட்டகையில் நேற்று, இன்று, நாளை. ஏட்டில் எழுதி வைக்கவெல்லாம் தெரியாது. அந்த இடத்துக்குப் போனால் அந்த வார்த்தை தானாக வாயில் வந்துவிடும் என்பார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் கொஞ்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை அண்ணனிடம் தள்ளிவிட்டு, இன்றைக்கு ஒரு மணி நேரம் முழுசாக உங்களுக்குத்தான் என்று உட்கார வைத்தேன். மூன்றாவது வார்த்தையில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதோடு என் வாத்தியார் வேலை முடிந்தது.

அவருக்குச் சரியான வாத்தியார் லோரி ஓட்டுபவர்தான். வயசான மலாய்க்காரர், நாங்கள் பாச்சிக் என்று கூப்பிடுவோம், மாமா மாதிரி. கொழுந்து மூட்டைகளை ஏற்றி முடிக்கும் வரை அவருக்கும் வேலையில்லை. அண்ணி கூடையை இறக்கிவிட்டு ஓடிப் போய், கையில் எதையாவது காட்டி, "பாச்சிக், இது?" என்பார். அவர் ஒரு வார்த்தை சொல்வார். லோரி கிளம்பிவிடும். அடுத்த நடை வரும் வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் அண்ணியின் வாயில் கிடந்து உருளும்.

வீட்டில் என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "என்னாடி எந்நேரமும் மொனகுறா? என்னயத்தான் வையிறா" என்று என்னைப் போட்டுக் குடைவார். நான் சொன்னாலும் நம்பவில்லை. ஒருநாள் கோயில் பூசாரியிடம் திருநீறு மந்திரித்து வாங்கி வந்து, அடுப்படியில் நின்ற மருமகளின் நெற்றியில் அப்பினார். அண்ணி அன்றைக்குப் பழகிக்கொண்டிருந்தது நன்றி சொல்வதை. பணிவாகக் குனிந்து, "தெரிமா காசி" என்றார். அம்மா வெளியே ஓடி வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, காசிக்குப் போறேங்கிறாடா ஒம் பொண்டாட்டி! நெனச்சேன், இவ எல்லாத்தையும் உட்டுட்டுப் போயிருவான்னு நெனச்சேன்!" அண்ணன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அம்மா சிரிக்கவில்லை. மருமகள் ஊருக்குப் போனால் திரும்பமாட்டாள் என்ற பயம் அவர் வயிற்றில் அப்போதே இருந்தது. என்னிடமும் கொஞ்சம் இருந்தது, நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் தடவை அண்ணன்தான் அண்ணியை மலைக்குக் கீழே டவுனுக்குக் கூட்டிப் போனார். அதிகாரி நல்ல மனுஷராம். உட்காரச் சொல்லி, குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அண்ணி தங்குதடையில்லாமல் பேசினாராம். ஆனால் பேசியதெல்லாம் லோரி மலாய். அதிகாரியை வாய்க்கு வாய் "லு" என்றாராம். மூட்டை ஏற்றுகிறவனைப் பார்த்து "நீ வாடா" என்கிற மாதிரி. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்து, வீட்டுக்காரர் "பஞ்சிட்" என்று சொல்லிவிட்டாராம். டயர் காற்றுப் போனால் சொல்லும் வார்த்தை. அதிகாரி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துவிட்டு, மரியாதையான மலாய் பழகிக்கொண்டு அடுத்த முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அண்ணி வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். உலைக்கு முன்னால் உட்கார்ந்தும் உதடு அசையவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

விஷயத்தைக் கேட்டு அதிகம் நொந்துபோனவர் பாச்சிக்தான். தன் வாய்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து எங்கள் மலையில் அவர் ஒருத்தரையும் லு என்று சொல்லவில்லை. மூட்டை தூக்கும் ஆட்களிடம்கூட, ஐயா என்று கூப்பிடுகிற மாதிரி, "துவான், தயவு செய்து ஏற்றுங்கள்" என்று மலாயில் கும்பிடாத குறையாகக் கேட்டார். ஆட்கள் மூட்டையைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காணி, "என்னா பாச்சிக், பதவி ஒசந்துடுச்சா?" என்று கேட்டார். அவர் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. அண்ணியின் உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் சேதி கொண்டுவந்தார், அண்ணியின் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று. "கண்ணு இருக்கையிலயே என் மூஞ்சிய ஒரு தடவ காட்டிடணும்" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு அவர் வேகத்தைப் பார்க்க எனக்கே மூச்சு முட்டியது. நடக்கும்போது, கொழுந்து கிள்ளும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது, ஓயாமல் முணுமுணுப்பு. அழைப்பு வருமா வருமா என்று நானும் ஆபீஸ் பக்கம் நாளுக்கு இரண்டு தடவை போய் எட்டிப் பார்ப்பேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி என்னைக் கண்டாலே கையை விரிப்பார்.

ஒருவழியாக அழைப்பு வந்தது. அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் நான் துணைக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் எனக்கு எல்லாம் கேட்டது. அதே அதிகாரி. அண்ணி துவான், துவான் என்று பூப்போலப் பேசினார். பேர், ஊர், வேலை எல்லாம் சரியாகப் போயிற்று. அப்புறம் அவர் கேட்டார்: "மாசா லாப்பாங் புவாட் ஆப்பா?" ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று. லாப்பாங் என்ற வார்த்தை அண்ணிக்குத் தெரியாது. பாச்சிக் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. லோரி நடைகளுக்கு நடுவில் அந்த வார்த்தைக்கு என்ன வேலை? அண்ணியின் காதில் விழுந்தது லாப்பார். அப்படியென்றால் பசி. பசிக்கிற நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "அந்த நேரத்திலும் வேலைதான் செய்வேன் துவான். வேலை முடிந்த பிறகுதான் சாப்பாடு."

நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பிறகு அதிகாரி குரலைத் தாழ்த்தி, எதற்காகக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார். அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி. "பார்த்துவிட்டு" என்று ஆரம்பித்தவருக்கு, அவ்வளவு பழகியும், திரும்பி வருவதற்கு மரியாதையான வார்த்தை அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "கோஸ்தான், துவான்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதிகாரி சிரிக்கவில்லை. "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது லாப்பாங் என்றால் என்னவென்று சொன்னேன். "அப்பிடின்னா என்னா நேரம் அது?" என்றார். வேலை இல்லாத நேரம், சும்மா இருக்கிற நேரம், உங்கள் கொசுறு நேரம்தான் அண்ணி என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவனே, அதயா கேட்டாரு! அந்த நேரத்துலதான துவான் இந்த மலாயப் படிச்சேன்னு சொல்லியிருப்பேனே லா! எறங்கிப் போயி சொல்லிட்டு வந்துரட்டுமா?" வளைவுக்கு வளைவு அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கார்டு வந்து, பாஸ்போர்ட் எடுத்து, கப்பலுக்குச் சீட்டு வாங்குவதற்குள் எண்பதுகள் பிறந்துவிட்டன. கிளம்பும் நாளில் அம்மா தேயிலைப் பொட்டலங்களைப் பெட்டியில் திணித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "திரும்பி வருவல்ல?" என்று கேட்டார். "வருவேன் அத்த. இப்பதான் கோஸ்தான் இருக்குல்ல" என்றார் அண்ணி. அவர் போயிருந்த நாட்களில் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே தேய்ந்தார். நானும்தான்.

சொன்னபடி வந்துவிட்டார். வந்த மறுநாள் காலை பைப்படியில் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் உதடு அசையவே இல்லை. தண்ணீர் விழுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "என்னா அண்ணி?" என்றேன்.

"அம்மாவுக்குக் கண்ணு சுத்தமா போயிருச்சு பாப்பா. நான் போயி நின்னா யாருன்னு தெரியல. மூஞ்சியத் தடவிப் பாத்துதான் கண்டுக்கிச்சு" என்றார். வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. "எனக்குத்தான் கையி சும்மா இருக்காதே. பாத்தரம் கழுவலாம், தண்ணி எடுக்கலாம்னு எந்திரிப்பேன். எந்திரிச்ச ஒடனே, 'போயிட்டியா'ன்னு கேக்கும். கண்ணு தெரியாதவங்களுக்கு நாம பக்கத்துல இல்லன்னா போயிட்ட மாதிரிதான. அதோட உக்காந்துட்டேன். கையக் கையில குடுத்துட்டு, நாளெல்லாம், ஒரு வேலயும் இல்லாம." குனிந்து வாளியைத் தூக்கினார். "அந்தத் துவான் கேட்டாரே, மாசா லாப்பாங். அது கொசுறு இல்ல பாப்பா. முழுசு."

மறு வருஷமே அவருடைய அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணியும் இப்போது இல்லை. அவர் வேலை செய்யும் வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அடிக்கடி நினைப்பது அவர் கை சும்மா இருந்த அந்த நாட்களை. பார்க்காத அந்த வீட்டையும் அந்த அம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் மலையை விட்டு இறங்கிக் கீழே டவுனில் இருக்கிறேன். என் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். போன வாரம் லீவில் வந்திருந்தாள். ஹாலில் உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பற்றி. நான் உம் கொட்டிக்கொண்டே எழுந்து துணியை மடித்தேன், கீரையை ஆய்ந்தேன், அப்படியே பின்கட்டுக்கு வந்து வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கணகணவென்று விழ ஆரம்பித்தது.

"அம்மா? போய்ட்டீங்களா?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

வாளி பாதிகூட நிரம்பவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.