அம்மன் பூக் கொடுக்காத வெள்ளிக்கிழமை

“சாமியே இல்லீங்கறயே அம்மிணி, அப்பறம் நீ எதுக்குத்தாம் பொளைக்கறே?”

மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே நான் நங்கை என்று கூப்பிடும் அண்ணன் மனைவி கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதற்கும் பதில் வைத்திருக்கிறேன் என்ற திமிர் உண்டு. அன்று கேள்வியையே திருப்பிவிட்டேன்.

“நீங்க எதுக்குப் பொளைக்கறீங்க நங்கை?” என்றேன்.

“எனக்கென்ன, ஆத்தா இருக்கறா, பாத்துக்குவா.” சிரித்துவிட்டுத் தண்ணீர் சேந்தப் போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வாரம் மலையிலிருந்து ஆள் வந்தது. தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா வேண்டும், அமாவாசைக்குள் வந்து சேர வேண்டும். எனக்குப் போக ஆசை. அப்பாவோ, “அம்மனக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க” என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, பூவாக்குக் கேட்காமல் நடக்காது. அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப்பூவை ஒட்டிவைப்பார்கள். வலப்பூ விழுந்தால் உத்தரவு, இடப்பூ விழுந்தால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நான் கூப்பவில்லை. ஆனால் வலத்தோளை விட்டுக் கண் நகரவில்லை. விழு, விழு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். யாரிடம் கெஞ்சுகிறேன் என்று தோன்றியதும் கூசிப்போனேன்.

எந்தப் பூவும் விழவில்லை.

“ஆத்தா வாயத் தொறக்க மாட்டேங்கறா. அடுத்த வெள்ளிக்கு வாங்க” என்றார் பூசாரி. அதற்குள் அமாவாசை கடந்துவிடும்.

“உன்ற மேல கோவமாட்ட இருக்குது” என்றாள் அண்ணன் மனைவி. அப்பா வழியெல்லாம், “இப்பிடிப் பண்ணிப்போட்டயே ஆத்தா” என்று அம்மனிடம் சடைத்துக்கொண்டே நடந்தார். சடைத்துக்கொள்ளக்கூட எனக்கு யாரும் இல்லை. பனைகளுக்கு அப்பால் மலை தெரிந்தது. பூ பேசாவிட்டாலும் என் ஆசை துளியும் குறையவில்லை. பிழைக்க அது போதுமா, தெரியவில்லை. கடவுள் இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை.

“நான் போறனுங்கப்பா.”

“பூவில்லாமயா? நாளைக்கு ஒண்ணுன்னா ஆரப் போயிக் கேக்கறது?”

“என்னையக் கேளுங்க.”

அதன்பின் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் காலை அப்பா வாய் திறக்காமல் மாட்டைப் பூட்டினார். தகரப் பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைத்து ஏறி உட்கார்ந்தேன்.