ஜெபசீலி பாஸ் பண்ணின பீஸ்

ஜெபசீலி அக்காவின் மேஜையைத் தாண்டி கோணலாக ஒரு பொருளும் வெளியே போனதில்லை. ஓசூர் சிப்காட்டில் நாங்கள் வேலை பார்க்கும் அலுமினியப் பட்டறையில் தரம் பார்ப்பது அவர்தான். கையில் மூலைமட்டம், கழுத்தில் ஜெபமாலை, முகத்தில் எந்நேரமும் ஒரு சந்தேகம். கேன்டீன் மேஜை ஆடினால் சாப்பிட மாட்டார். காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். "உங்க வீட்டுக்காரரை மட்டும் எப்படிக்கா பாஸ் பண்ணீங்க?" என்று பேக்கிங்கில் இருக்கும் நான் கேலி செய்வேன். "அது இன்னும் ரீவொர்க்லதான் இருக்குது" என்பார், சிரிக்காமல். எனக்கு அவரைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு. தப்பே செய்யாத ஆளோடு பழகுவது லேசுப்பட்ட காரியமா?

அவருடைய கொழுந்தன் எட்சன் சென்னையில் ஒரு பணக்காரரின் பழைய பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்கிறான். துறைமுகத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவனுக்குப் போன வருடம்தான் அந்த வேலை அமைந்தது. தாய் தகப்பன் இல்லாத அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அக்கா. அவனுக்கு அண்ணி சொன்னால் வேதம்.

படகின் பாய்மரத்தில், பாதி உயரத்தில், கை விரித்தாற்போல் இரண்டு பக்கமும் இரண்டு அலுமினியத் தண்டுகள் இருக்குமாம். ஸ்ப்ரெட்டர் என்று பெயர். உச்சியிலிருந்து இறங்கும் இழுவைக் கம்பிகளை அவைதான் விலக்கிப் பிடித்து, மரம் வளையாமல் காக்கின்றன. அதில் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. படகைக் கட்டிய கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. எட்சன் இரண்டையும், மரத்தோடு பொருத்தும் அடித்தகட்டோடு கழற்றி, பார்சலில் போட்டுவிட்டான். "இதே மாதிரி செஞ்சு குடுங்க அண்ணி" என்றான்.

தண்டு அடித்தகட்டோடு சேரும் இடத்தில் நேராக நிற்கவில்லை. ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. எது மேல், எது கீழ் என்று அதில் குறியேதும் இல்லை. நாங்கள் மேஜையில் வைத்துப் பார்த்தபோது கீழே தொங்குவதாகத்தான் தெரிந்தது.

"எத்தனை வருசம் கம்பி இழுத்துச்சோ, தொங்கிப் போயிருக்குதும்மா" என்றார் மில்லிங் மெஷின் சென்னகிருஷ்ணன்.

"கோணலா ஒண்ண என் கையால அனுப்ப முடியாது. தொண்ணூறு டிகிரியில நேரா வைங்க" என்றார் அக்கா.

எட்சனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோணலைக் கண்டால் அவருக்குக் கேட்கத் தோன்றாது, திருத்தத்தான் தோன்றும். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான்.

புதுசு இரண்டும் அவ்வளவு அழகாக வந்தன. அக்கா மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசி நுழைய இடமில்லை. நான்தான் குமிழ்த்தாள் சுற்றிக் கட்டினேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, ஓசூரிலேயே காற்று பேய்த்தனமாக அடித்தது. கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. டீ நேரத்தில் அக்காவின் போனுக்கு எட்சனிடமிருந்து ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. தண்டுகளின் நுனியில் பாய் கிழியாமல் இருக்கத் தோல் சுற்றி, கம்பிகளை முறுக்கி நிறுத்தியிருந்தான். "பழசு ரெண்டும் வானத்தைப் பாத்துத் தூக்கிட்டு நிக்கும் அண்ணி. இப்ப பாருங்க, ஸ்கேல் வச்ச மாதிரி இருக்குது. ஓனரோட கிளம்பறோம்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "தூக்கிட்டா நின்னுச்சு?" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கம்பி இழுத்தா தொங்கத்தானே செய்யணும்? எப்படித் தூக்கும்?"

எழுந்து ஓடி, கழிவுத் தொட்டியில் கிடந்த பழைய தண்டுகளைத் தேடி எடுத்தார். கோணமானியை வைத்து ஒன்றை அளந்தார். மற்றதை அளந்தார். இரண்டிலும் ஒரே சாய்வு, இம்மி பிசகவில்லை. தேய்ந்து கோணிய பொருள் இரண்டும் ஒன்றுபோல் கோணாது. அது எவனோ யோசித்து வைத்த சாய்வு. கம்பி தண்டின் நுனியை நேராக அழுத்துவதற்கு அந்தத் தூக்கல் வேண்டும். அது இல்லாவிட்டால், காற்று ஏற ஏற, கம்பி நுனியைக் கீழே தள்ளிக்கொண்டே போகும்; பிடிமானம் போய் மரமே முறியும். எட்சனின் நம்பரை அழுத்திக்கொண்டே அவர் இதைச் சொன்னார்.

போனில் எட்சனைப் பிடித்துவிட்டார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"எட்சா, திரும்பிடு. அந்த பீஸு தப்பு."

"நீங்க பாஸ் பண்ணின பீஸா? வெளையாடாதீங்க அண்ணி."

"நான் தப்பு பண்ணிட்டேன்டா."

சிரித்தான். "காத்தைப் பாத்துப் பயந்துட்டீங்க. ஓனர் கூப்புடறாரு, அப்பறம் பேசறேன்."

அதன் பிறகு போன் போகவில்லை. படகு முதலாளியின் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. அக்கா போன் பண்ணிச் சொன்னதும் எட்சனின் மனைவி பெனிஷா கரைக்கு ஓடினாள். அங்கே காவலாளி, பாய் விரித்துப் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றான். அக்கா மேஜைக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். நல்ல பீஸ்களைக் கழிவில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். கூரை அடித்துக்கொண்டே இருந்தது.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பெனிஷா கூப்பிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"உயிருக்கு ஒண்ணுமில்லக்கா. மரம் முறிஞ்சு அவரு தோள்மேல விழுந்துடுச்சு. வலது கை தேறாதுன்னு டாக்டர் சொல்றாரு." கொஞ்ச நேரம் அழுதாள். "ஓனர் ஆஸ்பத்திரிக்கே வந்து கத்துனாரு. இவரு, நான் மாட்டுனதுலதான் கோளாறு சார்னு ஒத்துக்கிட்டாரு. இனிமே வேலைக்கு வராதன்னுட்டாருக்கா."

"போனை அவன்கிட்ட குடு."

எட்சனின் குரல் மருந்து மயக்கத்தில் இழுத்தது. "அழுவாதீங்க அண்ணி."

"உங்க ஓனர் நம்பரைக் குடு எட்சா. தப்பு என்னுதுன்னு நான் சொல்லணும்."

"உங்க பீஸு பக்காவா இருந்துச்சு. எனக்கோசரம் பொய் சொல்லி உங்க பேரைக் கெடுத்துக்குவீங்களா? தர மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.