வண்டி நின்னுச்சு

கத்திரி அக்காவுக்கு வேறு பெயர் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய் முடி வெட்டி, தலையை அலசி, தாடி மழித்துவிட்டு வருவது அவள் தொழில். ஆண் தலை, பெண் தலை எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். சிக்குப் பிடித்த தலையைப் பார்த்து மூக்கைச் சுளிக்க மாட்டாள். அப்படிச் சிக்குப் பிடிக்க விட்ட மகனையோ மருமகளையோ நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்பவும் மாட்டாள். ஆனாலும் மறுபடி கூப்பிட்டார்கள். கழுத்து நோகாமல் படுக்கையிலேயே தலை அலசிவிட அவளை விட்டால் ஆள் இல்லை.

அதற்கான சாமான் முழுதும் காரின் பின்பக்கம்தான் கிடக்கும். கழுத்தை வைக்க வளைவு வெட்டிய பேசின், தண்ணீர் வடியும் குழாய், மடக்கு நாற்காலி, கத்திரிப் பெட்டி. காருக்குப் பத்தொன்பது வயது. ஒரு காலத்தில் நீல நிறம். கணவன் போன பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

"உங்க அண்ணன் இருந்தப்போ ரெண்டையும் நான் தள்ள வேண்டியிருந்துச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது தானா ஓடுது" என்று நாத்தனாரை வைத்துக்கொண்டே சொல்வாள். கல்யாணமே வேண்டாம் என்று அதே வீட்டில் இருந்துவிட்ட நாத்தனாரும் சிரிப்பாள். அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் டாக்டர் வாசலில் காரை நிறுத்தினாள். அந்தக் கட்டடத்து மாடியில் ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர் படுக்கையில் இருந்தார். அவர் விழித்துவிட்டாரா என்று பார்க்க வெறுங்கையோடு ஏறியவள், சாமானை எடுக்க இறங்கி வந்தால் காரின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. லாரியா, வேனா, யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் தெரியாது என்றார்கள். பின்கதவு திறக்கவில்லை. நசுங்கிய தகடு பேசினைக் கவ்விக்கொண்டிருந்தது. பேசினுக்கு அடியில் கத்திரிப் பெட்டி. சீட்டின் மேல் ஏறி இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கம்பி போட்டு நெம்பினா அஞ்சு நிமிஷ வேலைக்கா. ஆனா இன்ஷூரன்ஸ்காரங்க பார்க்கிறதுக்கு முன்னாடி கை வச்சா, நீங்களே உடைச்சிட்டீங்கன்னு எழுதிடுவாங்க. தொடாதீங்க."

அங்கேயே நின்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"என்ன ஆச்சு மேடம்?"

"வண்டி நின்னுச்சும்மா. எவனோ பின்னாடி வந்து சாத்திட்டுப் போயிட்டான்."

"எங்க நின்னுச்சு?"

"பல் டாக்டர் வாசல்ல."

"எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"ஒன்பது இருக்கும்."

"இதுக்கு முன்னாடியும் இப்படி நின்னிருக்கா?"

"வாராவாரம் செவ்வாய்க்கிழமை அங்கதானேம்மா நிக்கும்."

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டாள் என்று கத்திரி அக்கா நாத்தனாரிடம் பாராட்டி வேறு வைத்தாள்.

பத்து நாள் போனது. ஒன்பது வீடுகளில் ஒன்பது தலைகள் காத்துக் கிடந்தன. இரண்டு வீட்டில், "வேற யாரையாவது பார்த்துக்கட்டுமா?" என்று இழுத்தார்கள். இருபது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த வேலை கைவிட்டுப் போகிற நேரத்தில் கடிதம் வந்தது. நாத்தனார் உரக்கப் படித்தாள்.

"'ஓட்டிச் செல்லும்போது தங்கள் வாகனம் பழுதடைந்து நின்றதாலும், வாரந்தோறும் இவ்வாறு நிற்பது வழக்கம் எனத் தாங்களே தெரிவித்திருப்பதாலும், பராமரிப்புக் குறைவு கருதித் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' அண்ணி, என்னத்த சொல்லி வச்சீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேன்."

"ஊர்ல எல்லாருக்கும் வாயால பஞ்சாயத்து பண்ணுவீங்க. உங்க வாயாலயே உங்க வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சே!"

கத்திரி அக்கா கடிதத்தை வாங்கி ஒரு எழுத்து விடாமல் தானும் படித்தாள். பிறகு சிரித்தாள். "கிளம்புடி" என்றாள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மூன்றாவது மாடி. கழுத்தில் டை கட்டிய ஒல்லி அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்களே உங்க வாயால சொன்னதும்மா. ரெக்கார்டு இருக்கு."

"போடுங்க தம்பி, கேப்போம்."

போட்டார். பக்கத்து மேசைகளிலும் காது கொடுத்தார்கள். 'வாராவாரம் செவ்வாய்க்கிழமை' வந்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டீங்களா? வண்டி நின்னுச்சுன்னு தெளிவா இருக்கு."

"இருக்கு. நீங்க ஆபீசுக்கு எதுல வந்தீங்க தம்பி?"

"பைக்ல. ஏன்?"

"அது இப்ப எங்க?"

"கீழ ஷெட்ல நிக்குது."

"ஐயய்யோ! மெக்கானிக்குக்குச் சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? அது தினமும் அங்கதான் நி..."

முடிக்கவில்லை. மேசைக்கு மேசை சிரிப்பு ஓடியது. அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் குடித்து, டையைச் சரிசெய்து, வேறு பக்கமாக வந்தார்.

"சரி, நிறுத்தி வச்சிருந்தீங்க. இருந்தாலும் பத்தொன்பது வருஷத்து வண்டி. ஓடுற நிலையில இருந்துச்சுன்னு நான் எப்படி நம்புறது?"

"அதுலதான் வந்திருக்கேன். கீழ வாங்க."

சொல்லிவிட்டாள். ஆனால் லிஃப்டில் இறங்கும்போது சாவியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பத்து நாள் கழித்து அன்றைக்குத்தான் காரை எடுத்திருந்தாள். வரும் வழியில் இரண்டு முறை இருமியிருந்தது. நாத்தனாருக்கும் அது தெரியும். அவள் மேலே ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பினாள். முனகிவிட்டு அடங்கியது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஆள் புதுசு, வெக்கப்படுது" என்றாள் நாத்தனார்.

மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. பிடித்தது மட்டுமில்லை, தரை அதிர ஓடியது. கத்திரி அக்கா இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, அவராகப் போதும் என்று சொல்லும்வரை ஓடவிட்டாள்.

அவர் குனிந்து சுற்றிப் பார்த்தார். நொறுங்கிய தகட்டில் வேறு ஒரு வண்டியின் மஞ்சள் பெயின்ட் தீற்றியிருந்ததைக் கண்டு, அதை மட்டும் நாலு போட்டோ எடுத்தார். காரின் மூக்கு மேலேயே தாளை வைத்து எழுதினார்.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க. உங்க ஆபீஸ் தமிழ் எனக்குப் பயமா இருக்கு."

"'நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வாகனத்தின் மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியது.' போதுமா?"

"நான் உள்ள இல்லைங்கிறதையும் சேருங்க. அடுத்த கடுதாசில, தூங்கிட்டு ஓட்டினேன்னு வந்துடப் போவுது."

சேர்த்தார். கையெழுத்துப் போட்டாள். "ரிப்பேருக்கு விடலாம்மா, நான் பாஸ் பண்ணிடுறேன்" என்றார்.

"இப்பத் தொடலாமா?"

"தாராளமா."

சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவினாள். நாத்தனார் ஒரு பக்கம் பிடிக்க, அதிகாரி டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு பக்கம் பிடிக்க, மூன்றாவது நெம்பலில் கதவு கிறீச்சென்று வாய் திறந்தது. கத்திரிப் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. பேசினின் ஓரத்தில்தான் ஒரு விரிசல்.

"சாமானுக்கெல்லாம் கிளெய்ம் கிடையாதும்மா" என்றார் அவசரமாக.

"நான் கேட்டேனா?"

பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். விரிசல் மேலும் பிளக்காமலிருக்கப் பேசினை நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குத்தானே அண்ணி?"

"வாத்தியார் வீட்டுக்கு. மனுஷன் பத்து நாளா தலை அரிச்சுக்கிட்டுக் கிடக்கிறாரு."

"பேசின் ஒழுகுமே!"

"ஒழுகுற இடத்துல கையை வச்சு அடைச்சுக்கோ. சும்மாதானே வர்ற?" என்று கியரைப் போட்டாள்.