விஸ்வநத்தத்தில் வேண்டாம் என்றேன்

தை மாதத்து ஞாயிறு. காலை ஏழு மணிக்கு விருதுநகரில் பஸ் ஏறினேன். சிவகாசி பதினாறு மைல். டிக்கெட் அறுபது நயா பைசா. கரிசல் காட்டின்மேல் பனி விலகவில்லை; தண்ணீருக்குள் போவதுபோலப் போயிற்று பஸ். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் முத்து சிவகாசியில் காத்திருந்தான். அவன் ஊர் விஸ்வநத்தத்துக்கு இரண்டு மைல் நடந்தோம்.

எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. முத்துவின் பெற்றோர் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலி வேலை பார்த்துவிட்டு, இப்போது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். விடுதியில் நானும் அவனும் ஒரே தட்டில் தின்போம். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது மணி. முற்றத்தில் நீலத்தாள் ஒட்டிய தீப்பெட்டிகள் காய்ந்தன. வானம் துண்டு துண்டாக இறங்கிக் கிடந்த மாதிரி. விரல் நுனியில் வெள்ளிப்பொடி மின்ன, முத்துவின் அம்மா உடைக்காத கலர் சோடா பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார்.

“குடிங்க தம்பி.”

“வேண்டாம்மா” என்றேன். எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. முதலில் மறுக்க வேண்டும், வீட்டார் வற்புறுத்துவார்கள், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். அவரோ பாட்டிலை உள்ளே எடுத்துப் போனார். சோற்றுக்கும் கேட்கவில்லை. பதினொரு மணிக்குப் பசியோடும் கொஞ்சம் மனத்தாங்கலோடும் கிளம்பினேன்.

பாதி வழியில் முத்து நின்றுவிட்டான். அவர்கள் வீட்டுச் செம்பில் நான் குடிக்க மாட்டேன் என்று, அம்மா நேற்றே சொல்லிவைத்து வாங்கிய பாட்டிலாம் அது. “அதையும் வேண்டாம்னுட்டயேலே.”

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சிரித்தான். ஆனால் நடக்கவில்லை.

“ஒங்க தெருக்காரவுக வேண்டாம்னா, மறுபடி கேக்க எங்கம்மாவுக்குத் தைரியம் ஏதுலே?”

திரும்பி நடந்தேன். அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பசிக்கிறது, சோறு போடுங்கள் என்றேன். முத்துவைப் பார்த்தார். தட்டைக் கழுவினார், மறுபடியும் கழுவினார். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்.

கை கழுவும்போது, இங்கே சாப்பிட்டதை எங்கள் வீட்டில் போய்ச் சொல்வேன் என்றேன், வீராப்பாக.

“சொல்லாதீக தம்பி. பெறகு விட மாட்டாக. நீங்க இன்னொரு தடவ வரணும்ல.”

இரண்டரை மணி பஸ். கரிசல் இப்போது கானலில் மிதந்தது. எங்கள் வீட்டு வாசலைக்கூடப் பார்த்திராத முத்துவின் அம்மா, எங்கள் வீட்டு மனிதர்களை எப்படித் தெரிந்து வைத்திருந்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் என் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.