பவுனு மதினி ஓங்கிய கால்

எங்கள் பவுனு மதினி பிறக்கும்போது தலைக்கு முன்னால் காலை நீட்டி வந்தவர். கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு பறந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிறந்த ஊரான வடுகபட்டியில் நடை பழகும் முன்பே அவருக்குத் தொழில் வந்துவிட்டது; குப்புறக் கிடந்தவர்கள் முதுகில் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்களாம். அண்ணனுக்கு வாக்கப்பட்டு எங்கள் ஊர் பண்ணைப்புரம் வந்தபோது, மாப்பிள்ளையைவிட ஊருக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை. அண்ணனுக்கு அம்மை இறங்கியதற்காக, மறுநாள் வீரபாண்டி அம்மன் கோயிலில் எங்களைப் பெற்ற அய்யா நேர்த்திக்கடனாகத் தீச்சட்டி எடுக்கவேண்டும். அன்று பார்த்து, வண்டியில் ஏற்றத் தரையில் கிடந்த பருத்தி மூட்டையை முழங்கால் மடக்காமல் குனிந்து, அதே வேகத்தில் இடுப்பைத் திருகித் தூக்கினார். "யாத்தே!" என்று களத்தில் சாய்ந்தவர் எழவில்லை.

ஊரின் முதல் பி.ஏ. நான். இன்டர்மீடியட்டில் எலும்புக்கூட்டையே தொட்டுப் படித்தவன். சும்மா இருப்பேனா?

"அய்யா, இடுப்புல அஞ்சு எலும்பு அடுக்கா இருக்கு. நடுநடுவுல மெத்தை மாதிரி சவ்வு. திருகித் தூக்குனா ஒட்டியிருக்கிற தசை இறுகிப் பிடிச்சுக்கிரும். காலு மரத்துப்போகுதா?"

"இல்லலே."

"அப்ப நரம்புக்குக் கேடில்ல. மெல்ல நடங்க, இளகிரும்."

"எந்திரிக்கவே முடியலங்கிறேன், நடக்கச் சொல்றான் பி.ஏ.!"

அம்மா மொக்கம்மாள் குறுக்கே வந்தாள். "வீட்லயே வைத்தியத்த வச்சுக்கிட்டு என்ன பேச்சு? பவுனு, ஒரு மிதி மிதி ஆத்தா."

"மருமக காலு மாமன் முதுகுலயா? ஊரு காறித் துப்பும்டி!"

"அப்ப தீச்சட்டிய யாரு எடுக்குறது? நானா?"

மதினி கொஞ்சம் தயங்கினார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகினார். "மாமா, கண்ண மூடிக்கங்க."

கால் ஓங்கியது. அய்யா உருண்டார். வண்டிச் சக்கரத்தைப் பிடித்து எழுந்து, அரிவாளாய் வளைந்தபடி வைக்கோல் படப்பைச் சுற்றி நடந்தார்.

"கிட்ட வராத ஆத்தா!"

"நில்லுங்க மாமா, ஒரே மிதிதான்!"

எதிர்ப்பக்கம் அம்மா கையை விரித்து மறித்தாள். அய்யா திரும்பினார். நடை ஓட்டமானது, வளைவு நிமிர்ந்தது. கடைசியில் வாய்க்காலையே தாண்டிவிட்டார்.

"ஏங்க, நிமிந்துட்டீக!"

"நடந்ததுல தசை இளகிருச்சு!" என்று கத்தினேன். யார் கேட்டது?

மறுநாள் அய்யா தென்னைமரம் போல நிமிர்ந்து தீச்சட்டி ஏந்திப் போனார். 'ஓங்குனாலே போதும், மிதிக்க வேணாம்' என்று ஊர் முழுக்கப் பேச்சு. இப்போதெல்லாம் இடுப்பு பிடித்தவர்கள் எங்கள் களத்தில் படுப்பதில்லை. மதினி காலை ஓங்குகிறார், அவர்கள் படப்பைச் சுற்றி நடக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் குணமாகிறார்கள். அதில் பாதிப் பெருமை என் பி.ஏ.வுக்குச் சேரவேண்டியது.